பத்துக்கு எட்டு

காலை ஏழு மணி ஆனால் அவள் போன் ஒரு சின்ன மணியடிக்கும். அலாரம் என்று நினைத்துவிடாதீர்கள், கிளப்பிலிருந்து வரும் கேள்வித்தாள். தினமும் அதே ஐந்து கேள்விகள். தூக்கம் எப்படி, உடம்பு எப்படி, களைப்பு எப்படி, பசி எப்படி, மனசு எப்படி. ஒவ்வொன்றுக்கும் பத்துக்கு எத்தனை என்று ஓர் எண்ணைத் தொட்டு அனுப்பிவிட வேண்டும். முதல் நான்கு கேள்விகளுக்கு அவள் யோசித்துத்தான் பதில் போடுவாள். ஐந்தாவதற்கு யோசிப்பதே இல்லை. இன்னொரு கண்ணைத் திறக்கும் முன்பே எட்டு போட்டிருப்பாள்.

ஏன் எட்டு என்று கேட்டால், அதற்கு ஒரு கணக்கு இருந்தது. பத்து போட்டால் உடை மாற்றும் அறையில் "யாரு மாப்பிள்ளை?" என்று பிடித்துக்கொள்வார்கள். ஒன்பது போட்டால் மறுநாள் எட்டு போடும்போது ஏன் குறைந்தது என்று கேள்வி வரும். ஏழு போட்டால் கிளப்பின் பிசியோதெரபிஸ்ட் தேடிக்கொண்டு வந்துவிடுவாள். எட்டு என்பது யாருமே திரும்பிப் பார்க்காத எண். அந்த அணியில் இருபத்து நான்கு பெண்கள். இருபத்து நான்கு பேரும் எட்டு. மாதம் ஒருமுறை கோச் அதைப் பெரிய திரையில் போட்டுக் காட்டி, "பாருங்க, எவ்வளவு ஆரோக்கியமான டீம் நம்மது!" என்று பூரித்துப்போவார். அந்த மனிதரை என்னத்தைச் சொல்வது!

கெட்டவர் இல்லை அவர். அதுதான் சங்கடமே. ஐந்துக்குக் கீழே யாராவது எண் போட்டால் அது சிவப்பாக மாறி அவர் போனுக்குப் போய்விடும். உடனே அவர் பதறிப்போய், "பாவம், ரெஸ்ட் எடுக்கட்டும்" என்று அந்தப் பெண்ணை ஆட்டத்திலிருந்து எடுத்து வெளியே உட்கார வைப்பார். இரண்டு வருடத்துக்கு முன்னால் இடது பக்கத் தடுப்பாட்டக்காரி ஒருத்தி, வீட்டில் அப்பாவுக்கு ஆபரேஷன் என்று மனசு ஆறாமல், ஒருநாள் நேர்மையாக மூன்று போட்டாள். நாலு மேட்ச் உட்கார வைத்தார்கள். அவள் இடத்தில் ஆடியவள் பிரமாதமாக ஆடிவிட்டாள். வருடக் கடைசியில் இவளுக்கு ஒரு பூங்கொத்தைக் கொடுத்து, கட்டிப்பிடித்து, வழியனுப்பிவிட்டார்கள். யாரும் யாரையும் திட்டவில்லை, யாரும் சத்தம் போடவில்லை. அன்றிலிருந்து அந்தக் கிளப்பில் எல்லாரும் எட்டுதான்.

இவளுக்கு வயது இருபத்து மூன்று. முன்கள ஆட்டக்காரி. கோல் போடுவதுதான் வேலை. பெயர் என்று ஒன்று சட்டையின் முதுகில் அச்சடித்திருந்தாலும், கூப்பிடுகிறவர்கள் எல்லாரும் கூப்பிட்டது 'வெடி' என்றுதான். அந்தப் பெயர் வந்த கதையைச் சொன்னால்தான் மற்றது புரியும்.

அப்பா டவுன் பஸ் டிரைவர். பஸ் டிப்போவுக்குப் பின்னாலேயே இவர்களுக்குக் குடியிருப்பு. டிப்போவின் பின்சுவரில் 'இங்கே ஹாரன் அடிக்காதீர்கள்' என்று ஆள் உயர எழுத்தில் எழுதியிருக்கும். ஏழு வயதில் அவள் அந்தச் சுவரில்தான் பந்தை உதைக்க ஆரம்பித்தாள். முதலில் சுவரில் பட்டால் போதும் என்று ஆரம்பித்தது, பிறகு இந்தச் சொல்லில் படவேண்டும், பிறகு இந்த எழுத்தில் படவேண்டும் என்று போய்விட்டது. வலது காலால் நூறு, இடது காலால் நூறு. உள்ளே உட்கார்ந்திருந்த டைம்கீப்பருக்கு மதியத் தூக்கம் போயே போய்விட்டது. "உங்க பொண்ணு என் மண்டையிலயே உதைக்கறா சார்" என்று அப்பாவிடம் முறையிட்டார். அப்பா பதிலுக்கு, அந்த எழுத்துக்கு நேர் கீழேயே பஸ்ஸை நிறுத்தி, மகள் குறி தப்பாமல் அடிக்கும்போதெல்லாம் ஹாரன் அடித்தார். பொல்லாத மனிதர்.

பதினோரு வயதில் ஊர்க் கிளப்பில் சேர்த்துக்கொண்டார்கள். முதல் கோல் போட்ட அன்று என்ன நடந்தது தெரியுமா? பந்து வலையில் விழுந்ததும் இவளுக்குத் தலைகால் புரியவில்லை. அடிவயிற்றிலிருந்து என்னவோ ஒன்று பொங்கிக்கொண்டு மேலே வந்தது. கத்திக்கொண்டே ஓடினாள். மைதானம் முடிந்தது, ஓட்டம் முடியவில்லை. விளம்பரப் பலகையைத் தாண்டிக் குதித்து, வாசலில் டிக்கெட் கிழித்துக்கொண்டிருந்தவரைக் கட்டிப்பிடித்து, அவர் தொப்பியைப் பிடுங்கித் தலையில் போட்டுக்கொண்டு திரும்பி ஓடிவந்தாள். ரெஃப்ரி எச்சரிக்கை அட்டை காட்டினார். வேலிக்கு அந்தப்புறம் அப்பா பயணிகளோடு பஸ்ஸை நிறுத்திவிட்டு ஹாரன் அடித்துக்கொண்டிருந்தார். அதற்காக அவருக்கு ஒரு மெமோ வந்தது. அதை இன்றைக்கும் பீரோவில் வைத்திருக்கிறார். 'வெடி' என்று அன்றைக்குக் கூட்டத்தில் யாரோ கத்தினார்கள். அதுவே ஒட்டிக்கொண்டது.

பத்தொன்பது வயது வரை அதே கிளப்பில் கொடிகட்டிப் பறந்தாள். ஒவ்வொரு கோலுக்கும் அதே ஓட்டம், அதே கத்தல். அம்மா ஆயத்த ஆடைத் தொழிற்சாலையில் செக்கிங் பிரிவில் வேலை பார்க்கிறவள். ஒருநாளைக்கு எண்ணூறு சட்டையைப் புரட்டி, தையல் விட்டுப்போனதைக் கண்டுபிடித்துத் தூக்கிப் போடுவதுதான் அவள் வேலை. "ஊர்ல எல்லாப் பொண்ணுங்களுக்கும் ஆண்டவன் வெக்கம்னு ஒண்ணு வச்சிருக்கான். இவளுக்கு மட்டும் தைக்க மறந்துட்டான்" என்பாள். சொல்லும்போது முகத்தில் பெருமை வழியும்.

பிறகு பெரிய கிளப்காரர்கள் வந்து அழைத்துப்போனார்கள். நான்கு மணி நேரப் பயணத் தொலைவில் இன்னொரு ஊர். புல் கம்பளம் மாதிரி இருந்தது. தனி அறை, தனி அலமாரி, தினமும் சலவை செய்த சட்டை. முதல் வருடம் நன்றாகத்தான் போனது. இரண்டாவது வருடம், யாரும் பக்கத்திலேயே இல்லாத நேரத்தில், சும்மா திரும்பியபோது முட்டியில் 'சடக்' என்று ஒரு சத்தம். ஜவ்வு அறுந்துவிட்டது. ஆபரேஷன், ஒன்பது மாதம்.

அந்த ஒன்பது மாதத்தை அவள் கிளப் கட்டடத்தின் அடித்தள அறையில் கழித்தாள். ஜன்னல் கிடையாது. ஓடாத சைக்கிள் ஒன்று, அதற்கு நேர் எதிரே சுவரில் தீயணைக்கும் கருவியும் அதை எப்படிப் பயன்படுத்துவது என்று ஆறு படம் போட்ட அட்டையும். தினமும் மூன்று மணி நேரம் அந்த அட்டையைப் பார்த்துக்கொண்டே மிதித்தாள். இன்றைக்குத் தீப்பிடித்தாலும் அணைத்துவிடுவாள், அவ்வளவு மனப்பாடம். மேலே மைதானத்தில் மற்றவர்கள் கத்துவது லேசாகக் கேட்கும். துணைக்கு பிசியோ மட்டும்தான். முட்டிக்கும் கணுக்காலுக்கும் ஒட்டுகிற டேப் சுருள்களை எப்போதும் இரண்டு மணிக்கட்டிலும் வளையல் மாதிரி மாட்டிக்கொண்டு திரிவாள் என்பதால் அவளுக்கு டேப்பக்கா என்று பெயர். நல்ல மனசு, நிறைய வேலை, எதையும் பாதிதான் காதில் வாங்குவாள்.

முட்டி சரியாகிவிட்டது. டாக்டரே ஆச்சரியப்பட்டார். திரும்பி வந்த இரண்டாவது மேட்சிலேயே கோல் போட்டாள். பந்து வலைக்குள் போவதைப் பார்த்தாள். அடிவயிற்றிலிருந்து வர வேண்டியதுக்காகக் காத்திருந்தாள். வரவில்லை. தோழிகள் மேலே வந்து விழுந்தார்கள், வேர்வையும் மருந்தெண்ணெயும் கலந்து நாறியது, யாரோ காதுக்குள் கத்தினார்கள். அவள் புல்லைப் பார்த்துக்கொண்டு கிடந்தாள். ரொம்ப நாள் கழித்து ஆடுகிறோம், அதனால்தான் என்று நினைத்துக்கொண்டாள். அடுத்த கோலுக்கும் வரவில்லை. அதற்கு அடுத்ததற்கும் இல்லை.

துக்கம் என்றால் அழுது தீர்த்துவிடலாம். கோபம் என்றால் யாரையாவது நாலு திட்டுத் திட்டலாம். இது எதுவும் இல்லை. சாப்பிட்டால் இறங்கியது, படுத்தால் தூக்கம் வந்தது, சிரிக்க வேண்டிய இடத்தில் சிரிப்பும் வந்தது. பல் டாக்டர் ஊசி போட்ட பிறகு கன்னத்தைத் தொட்டால் யாருடைய கன்னத்தையோ தொடுவது போல இருக்குமே, ஆள் மொத்தமும் அப்படி ஆகிவிட்டிருந்தது. வலித்தால்தானே வெளியே சொல்ல? வலிக்கவும் இல்லை.

வேடிக்கை என்னவென்றால், ஆட்டம் முன்னைவிட நன்றாக இருந்தது. கோல்கீப்பர் எதிரே வந்தால் மற்றவர்களுக்குக் கை கால் உதறும். இவளுக்கு உதறுவதற்கு உள்ளே ஒன்றும் இல்லை. நிதானமாகப் பார்த்து, காலி இடத்தில் தள்ளிவிட்டுப் போனாள். 'என்ன நிதானம்! என்ன முதிர்ச்சி!' என்று பத்திரிகையில் எழுதினார்கள். அப்பா அதைக் கத்தரித்து மெமோவுக்குப் பக்கத்தில் வைத்தார்.

ஆனால் கோல் போட்டுவிட்டு மரம் மாதிரி நின்றால் சந்தேகம் வருமே. ஆகவே நடிக்கக் கற்றுக்கொண்டாள். குளியலறைக் கண்ணாடிக்கு முன்னால் நின்று வாயைத் திறந்து, கையை விரித்து, பழைய வீடியோவில் தான் எப்படிக் கத்தினோம் என்று பார்த்துப் பார்த்துப் பழகினாள். தன்னையே காப்பியடித்தாள் என்று சொல்ல வேண்டும். பந்து வலையில் விழுந்ததும் மனசுக்குள் ஒன்று, இரண்டு என்று எண்ண ஆரம்பிப்பாள். இரண்டில் கை மேலே போகும். மூன்றில் கொடிக் கம்பத்தை நோக்கி ஓட்டம். ஏழில் முழங்காலில் சறுக்கல். பத்தில் எழுந்து வந்துவிடலாம். அதற்கப்புறம் அந்த வருடம் பதினோரு கோல், பதினோரு தரம் அந்த நாடகம். மறுநாள் காலை ஏழு மணிக்கு எட்டு.

வருடக் கடைசி வந்தது. அவள் ஒப்பந்தம் அந்த சீசனோடு முடிகிறது. இன்னும் இரண்டு வருடத்துக்கு வைத்துக்கொள்வார்களா மாட்டார்களா என்பதுதான் கேள்வி. கோச் தன் அறைக்குக் கூப்பிட்டார்.

"மேல இருக்கறவங்களுக்கு உன் முட்டி மேல இன்னும் ஒரு பயம் இருக்கு. சனிக்கிழமை கடைசி மேட்ச் பார்த்துட்டுச் சொல்றோம்னு சொல்லியிருக்காங்க. நல்லா ஆடு. திங்கக்கிழமை பதினொரு மணிக்குக் கையெழுத்து. நீ நல்லாத்தானே இருக்க?"

"நல்லா இருக்கேன் சார்."

"தெரியும், தெரியும். தினமும் பார்க்கறேனே, எட்டு!"

அவளுக்கு அந்தக் கையெழுத்து வேண்டியிருந்தது. சந்தோஷத்துக்காக இல்லை, அதுதான் வருவதே இல்லையே. ஏழு வயதிலிருந்து பந்தை உதைத்ததைத் தவிர அவள் வேறு ஒன்றும் செய்ததில்லை. இதுவும் போய்விட்டால் காலையில் எழுந்து எங்கே போவது என்றே தெரியாது. எழுந்து போவதற்கு ஓர் இடம் இருப்பதே பெரிது என்ற நிலையில் இருந்தாள்.

சனிக்கிழமை மேட்ச் யாரோடு என்கிறீர்கள்? அவள் பழைய கிளப்போடு, அதே பழைய மைதானத்தில்.

மதியம் மூன்று மணி ஆட்டம். டிக்கெட் கிழிக்கிறவர் தலை நரைத்துப்போய் அதே வாசலில் நின்றார். பழைய கிளப்பின் சட்டைகளைத் துவைத்துத் தேய்த்து எண் வாரியாக அடுக்குகிற ஜெர்சியம்மா நடைபாதையிலேயே மறித்து, கன்னத்தை இரண்டு கையாலும் பிடித்து ஆட்டினாள். "எங்க வீட்டுப் பொண்ணு, எங்களையே அடிக்க வந்துட்டியா? அடி, அடி, நாசமாப் போனவளே!" என்று கொஞ்சினாள். பார்வையாளர் மேடையில் மூன்றாவது வரிசையில் அப்பாவும் அம்மாவும் உட்கார்ந்திருந்தார்கள். அப்பா கழுத்தில் ஒரு கிளப்பின் துண்டு, தோளில் இன்னொரு கிளப்பின் துண்டு. யாராவது கேட்டால் இரண்டு வீட்டுக்கும் சம்பந்தி என்றார்.

கால்பந்தாட்டக்காரர்களிடையே ஒரு வழக்கம் உண்டு. எழுதி வைத்த விதி இல்லை, ஆனால் எல்லாருக்கும் தெரியும். தன்னை வளர்த்த பழைய கிளப்புக்கு எதிராகக் கோல் போட்டால் கொண்டாடக் கூடாது. கத்தாமல், ஓடாமல், தலை குனிந்து நின்றுவிட வேண்டும். உன் வீட்டுக் கண்ணாடியை உடைத்துவிட்டு நான் கை தட்டுவேனா என்பது போல ஒரு மரியாதை. இந்த வழக்கம் வெடிக்கும் தெரியும். ஆனால் சத்தியமாகச் சொல்கிறேன், அன்றைக்கு அது அவள் நினைவிலேயே இல்லை. பேருந்தில் வரும்போதுகூட அவள் ஒத்திகை பார்த்தது அந்த ஒன்று, இரண்டு, மூன்றைத்தான்.

எழுபத்தோராவது நிமிடம். வலது ஓரத்திலிருந்து பந்து தாழ்வாக வந்தது. தடுப்பாட்டக்காரி காலை நீட்டினாள், எட்டவில்லை. கோல்கீப்பர் இரண்டு எட்டு முன்னே வந்துவிட்டாள். இடது காலின் உள்பக்கத்தால், டிப்போ சுவரில் எழுத்தைக் குறிபார்த்த அதே காலால், கிட்டத்துக் கம்பத்துக்கும் கீப்பருக்கும் நடுவில் இருந்த ஒரு முழ இடத்தில் பந்தைத் தள்ளினாள். வலை குலுங்கியது.

ஒன்று, இரண்டு என்று எண்ண வேண்டும். எண்ணவில்லை. மறந்தே போய்விட்டாள். கை தொங்கியது தொங்கியபடி, வாய் மூடியது மூடியபடி, வலைக்குள் உருண்டு நின்றுவிட்ட பந்தைப் பார்த்துக்கொண்டு நின்றாள். எவ்வளவு நேரம் என்று அவளுக்குத் தெரியாது. பிறகுதான் உறைத்தது. சரி, மாட்டிக்கொண்டோம், மூவாயிரம் பேர் பார்த்துவிட்டார்கள், எல்லாம் தெரிந்துபோய்விட்டது என்று நினைத்தாள். அதை நினைக்கும்போதுகூட நெஞ்சு ஒரு துடிப்பு கூடுதலாகத் துடிக்கவில்லை.

அப்போது கைதட்டல் ஆரம்பித்தது. தோற்றுக்கொண்டிருக்கிற பழைய கிளப்பின் ஆதரவாளர்கள் இருந்த மேடையிலிருந்து, முதலில் நாலு பேர், பிறகு ஒரு வரிசை, பிறகு மொத்த மேடையும் எழுந்து நின்று தட்டியது. "வெடி! வெடி!" என்று கத்தினார்கள். டிக்கெட் கிழிக்கிறவர் தொப்பியைக் கழற்றி நெஞ்சில் வைத்துக்கொண்டார். அணித் தோழிகள்கூட மேலே விழாமல், சத்தமில்லாமல் வந்து தோளைத் தட்டிவிட்டுப் போனார்கள். அவளுக்குப் புரிய ஒரு நிமிடம் ஆயிற்று. நன்றி மறக்காமல் நிற்கிறாள் என்று நினைத்துவிட்டார்கள்! அடக் கடவுளே. பதினோரு தரம் நடித்தபோது சும்மா இருந்தவர்கள், நடிக்க மறந்துபோய் நின்றவளைப் பார்த்து நெகிழ்ந்துபோனார்கள்.

ஆட்டம் ஒன்றுக்குப் பூஜ்யம் என்று முடிந்தது. மைக்கை நீட்டிய டிவிக்காரர், "மனசு ரொம்பக் கனத்துப் போயிருக்கும் இல்லையா?" என்று அவரே கேட்டு அவரே தலையாட்டிக்கொண்டார். ஜெர்சியம்மா அழுது மூக்கைச் சிந்தி, "எவ்வளவு பெரிய இடத்துக்குப் போனாலும் எங்களை மறக்கலையே கண்ணு" என்று கட்டிக்கொண்டாள். அந்த அழுகைக்கு முன்னால் வெடி என்ன சொல்வாள்? "மறப்பேனாம்மா" என்றாள். ஒரு பொய்யை வாங்கிப் பையில் போட்டுக்கொண்டது போல இருந்தது. கோச் இரண்டு கையையும் பிடித்துக் குலுக்கினார். "கோல் கிடக்கட்டும். அந்தப் பண்பு! மேலிடத்துல உருகிட்டாங்க. திங்கக்கிழமை வா, பேனா மட்டும்தான் பாக்கி."

அணியின் பேருந்து கிளம்பப் பத்து நிமிடம் இருந்தது. அப்பா காவலாளியை நிறுத்திவைத்துப் போனில் அந்தக் கோலை மூன்றாவது தடவையாகக் காட்டிக்கொண்டிருந்தார். அம்மா மட்டும் மகளைக் கையைப் பிடித்து இழுத்துக்கொண்டு பேருந்தின் மறுபக்கத்துக்குப் போனாள். பையிலிருந்து ஒரு வாழைப்பழத்தை எடுத்து உரித்துக் கொடுத்தாள்.

"எல்லாரும் மரியாதை, மரியாதைங்கறாங்க" என்றாள்.

"ஆமாம்மா."

"நீ பொறந்ததுல இருந்து என்னையே மதிச்சதில்ல. இந்த மைதானத்துக்கா மரியாதை குடுக்கப்போற? யார்கிட்ட கதை விடற?"

வெடி பழத்தைக் கடித்தாள்.

"ஒரு நாளைக்கு எண்ணூறு சட்டை பார்க்கறவடி நான். எது நல்லாருக்கு, எது நல்லாருக்கற மாதிரி இருக்குன்னு எனக்குத் தெரியாதா? நீ அங்க நின்னப்போ உன் மூஞ்சியில ஒண்ணுமே இல்ல. என்னடி ஆச்சு?"

ஒன்றுமில்லை என்று சொல்லத்தான் வாயெடுத்தாள். வாயில் பழம் இருந்தது. விழுங்கிவிட்டுப் பார்த்தால் அம்மாவின் கண் இமைக்காமல் அவளையே பார்த்துக்கொண்டிருந்தது.

"எனக்கு ஒண்ணுமே தோண மாட்டேங்குதும்மா. கோல் போட்டாலும் தோணல. தோத்தாலும் தோணல. உன்னைப் பார்த்தாக்கூட..." என்று நிறுத்திக்கொண்டாள்.

அம்மா அந்தக் கடைசி வார்த்தையை வாங்கிக்கொண்டாள். முகம் கொஞ்சம் சுருங்கியது, அவ்வளவுதான். "எப்பலேர்ந்து?"

"முட்டி சரியானதுலேர்ந்து."

"யார்கிட்டயாவது சொன்னியா?"

"சொன்னா உட்கார வச்சிருவாங்க."

அம்மாவுக்குச் சட்டையைப் பற்றித் தெரியும், இதைப் பற்றி என்ன தெரியும்? பழத்தோலை மகள் கையிலிருந்து வாங்கினாள். மகளின் சட்டைக் காலரை நேராக்கினாள். மறுபடியும் கலைத்து மறுபடியும் நேராக்கினாள். டிரைவர் பேருந்தின் இன்ஜினைக் கிளப்பிவிட்டான். "உட்கார வச்சா உட்காரேன்டி. அதுக்காக..." என்று ஆரம்பித்தவள் முடிக்கவில்லை. அழுதுவிட்டாள். வெடி அம்மாவைக் கட்டிப்பிடித்தாள். அம்மாவின் முதுகு குலுங்குவது கையில் தெரிந்தது. அழ வேண்டிய இடம் இது என்றும் தெரிந்தது. அவள் கண் மட்டும் காய்ந்தே இருந்தது.

ஞாயிற்றுக்கிழமை முழுக்க வாழ்த்துச் செய்திகள் வந்தபடி இருந்தன. அவள் ஷூவைக் கழுவினாள். அடியில் இருந்த பன்னிரண்டு முளைகளையும் கழற்றி, மண்ணைப் பல் துலக்கும் பிரஷ்ஷால் எடுத்து, துடைத்து, மறுபடி முடுக்கினாள். பழைய மைதானத்து மண். தலை குனிந்து நிற்கும் அவள் படத்தை ஒரு பள்ளிக்கூடத்தில் பெரிதாக அச்சடித்து ஒட்டியிருப்பதை யாரோ படம் பிடித்து அனுப்பியிருந்தார்கள். 'நன்றியுணர்வு' என்று கீழே எழுதியிருந்தது. அதைப் பார்த்தாள். அந்தப் பள்ளிக்கூடத்துப் பிள்ளைகளுக்கு இனிமேல் இதுதான் நன்றியுணர்வு. போனைக் கவிழ்த்து வைத்தாள்.

திங்கட்கிழமை காலை ஏழு மணிக்குப் போன் மணியடித்தது.

தூக்கம், ஏழு. உடம்பு, ஆறு. களைப்பு, ஆறு. பசி, ஏழு. மனசு.

விரல் வழக்கம்போல எட்டுக்கு மேலே போய் நின்றது. பதினொரு மணிக்குக் கையெழுத்து. எட்டைத் தொட்டால் இரண்டு வருடம். இன்னும் இருபது, முப்பது கோல், அத்தனை தரம் ஒன்று, இரண்டு, மூன்று. கண்ணாடி முன்னால் வாயைத் திறந்து பழகுவது. அம்மாவின் முதுகு குலுங்கியது கைக்குள் இன்னும் இருந்தது. அந்த நேரத்தில்கூட ஒன்றும் தோன்றவில்லையே என்று முந்தாநாளிலிருந்து அதையேதான் நினைத்துக்கொண்டிருந்தாள். விரலை இடது பக்கமாக நகர்த்திக்கொண்டே போனாள். ஒன்றைத் தொட்டாள். அனுப்பினாள்.

பல் துலக்கப் போனாள். வாயில் நுரையோடு இருக்கும்போதே போன் அடித்தது. டேப்பக்கா.

"ஏய் வெடி, தூக்கக் கலக்கமா? மனசுக்கு ஒண்ணுன்னு போட்டிருக்க! என் கம்ப்யூட்டர்ல சிவப்பா மின்னுது. இன்னிக்குப் போய் இப்படிப் பண்ணுவியா, பதினொரு மணிக்குக் கையெழுத்தை வச்சுக்கிட்டு? நல்லவேளை கோச் இன்னும் பார்க்கல. நான் எட்டுன்னு மாத்திட்டேன். பயப்படாத. சரி, வர்றப்போ அந்த நீல பேண்டேஜை எடுத்துட்டு வா..."

நல்ல மனசு என்று முன்பே சொன்னேன் அல்லவா? உதவி செய்கிறோம் என்று நம்பித்தான் மாற்றினாள். வெடி நுரையைத் துப்பினாள். இப்போது "தேங்க்ஸ்க்கா" என்று சொன்னால் போதும், எல்லாம் பழையபடி. உண்மையையும் சொன்னது மாதிரி ஆயிற்று, வேலையும் மிஞ்சிற்று. கண்ணாடியில் அவள் முகம், வாயோரம் பற்பசை.

"அக்கா, மாத்தாதீங்க."

"என்னது?"

"தப்பா அழுத்தல. அது ஒண்ணுதான்."

அந்தப் பக்கம் டேப் சுருள் எதுவோ மேஜையில் விழுந்து உருளும் சத்தம் கேட்டது.

"வெடி, விளையாடாத. முந்தாநேத்து அவ்வளவு பெரிய கோல் போட்டுட்டு..."

"அன்னிக்கும் ஒண்ணுதான்கா. மரியாதையும் இல்ல ஒண்ணும் இல்ல, எனக்கு ஒண்ணும் தோணல, அதான் நின்னேன். முந்நூறு நாளா எட்டு போடறேன். ஒருநாள்கூட எட்டு இல்ல."

எதையும் பாதிதான் காதில் வாங்குகிற டேப்பக்கா இதை முழுசாக வாங்கிக்கொண்டிருந்தாள் போல. பிறகு மெதுவாகக் கேட்டாள்.

"இதை நான் இப்ப மறுபடி ஒண்ணுன்னு மாத்தினா கோச்சுக்குப் போயிடும். என்ன நடக்கும்னு தெரியும்ல?"

"தெரியும்."

"பேனா தள்ளிப்போகும். ஒருவேளை இல்லாமலே போகும்."

"தெரியும்கா. மாத்துங்க."

விசைப்பலகையில் ஒரே ஒரு தட்டல் கேட்டது. அவ்வளவுதான், முடிந்தது.

வெடி குளியலறைத் தரையில் உட்கார்ந்தாள். கையில் இருந்த பிரஷ் ஆடிக்கொண்டிருந்தது. ஏன் ஆடுகிறது என்று அதையே பார்த்தாள். பிரஷ் இல்லை, கைதான் நடுங்கிக்கொண்டிருந்தது. நெஞ்சு படபடவென்று அடித்தது. அடிவயிற்றிலிருந்து என்னவோ ஒன்று, ரொம்ப நாளாக எதுவும் வராத இடத்திலிருந்து, மேலே ஏறி வந்தது. சந்தோஷம் என்று நினைத்துவிடாதீர்கள், பயம். வேலை போய்விடுமே, நாளைக்குக் காலையில் எழுந்து எங்கே போவது என்ற சுத்தமான பயம். அவளுக்கு அது என்னவென்று உடனே தெரிந்துவிட்டது.

"அக்கா" என்றாள். குரல் உடைந்துபோனது.

"சொல்லுடி. இருக்கேன்."

"எனக்குப் பயமா இருக்குக்கா. ரொம்பப் பயமா இருக்கு."

"அங்கயே இரு" என்றாள் டேப்பக்கா. "கதவைத் திறந்து வை. வர்றேன்."